சுவையும் தீர்ப்பும்

மலேசியத் தமிழ்ச் சூழலில் ஒரு பாடலையோ, சித்திரக்கதையையோ, நாவலையோ பற்றி எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு சொற்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் ‘குப்பை’ என்கிறார். மாணவன் ‘பிரமாதம்’ என்கிறான். இருவரும் தத்தம் கருத்தைக் கூறிவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் இருவருமே எதையும் கூறவில்லை. முன்னவர் படிக்காமலே தள்ளுகிறார்; பின்னவன் எண்ணாமலே கொள்கிறான். தள்ளியதற்குக் காரணம் கேட்டால் முன்னவர்க்குச் சினம் வருகிறது. கொண்டதற்குக் காரணம் கேட்டால் பின்னவன் சிரித்து மழுப்புகிறான். காரணமற்ற வெறுப்பும் காரணமற்ற விருப்பும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஆகும்.

இவ்விரு சொற்களுக்கும் இடையில் தமிழ்க் கல்வி இழந்துவரும் செல்வம் பெரிது. பாட்டும் படக்கதையும் நாவலும் இளையோர் தாமே தேடிச் சென்று அடையும் கலைகள். அவற்றைக் குறித்து அவர்கள் கொண்டுள்ள கருத்து செம்மையற்றதாக இருக்கலாம். ஆனால் அது அவர்களுடையது. கருத்துச் சொல்லும் ஆற்றல் வளரவேண்டிய இடம் அதுவே. அந்த இடத்தைத் தமிழ் வகுப்பு தானே முன்வந்து கைவிட்டுவிட்டது. கைவிட்ட இடத்தை விளம்பரக்காரர் எடுத்துக்கொண்டனர்.

தெருவில் ஒன்று, தாளில் ஒன்று

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஜாலான் துன் சம்பந்தன் வழியே நடப்பவர் செவிக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பூக்கடையிலிருந்து ஒரு பாட்டு, துணிக்கடையிலிருந்து வேறொரு பாட்டு, உணவகத்திலிருந்து இன்னொன்று. கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவும் அவ்வாறே. அத்தெருக்களில் தேநீர் அருந்தும் இளைஞர் கூட்டத்தை அணுகிக் கேட்பவர், எந்தப் பாடகனின் குரல் எவ்விடத்தில் பிசகியது, எந்த மெட்டு எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த வரி பொய்யாக ஒலிக்கிறது என்பது பற்றிய காரசாரமான வழக்காடல்களைக் கேட்கலாம். அங்கே கருத்து உண்டு, எதிர்க்கருத்தும் உண்டு, சான்று காட்டும் முயற்சியும் உண்டு.

அதே இளைஞன் இடைநிலைப்பள்ளியின் தமிழ்க் கட்டுரைத் தாளில் ‘நான் விரும்பும் கலை’ என்னும் தலைப்பைக் கண்டால் என் செய்கிறான்? மனப்பாடம் செய்த முன்னுரையை எழுதுகிறான். பரதத்தின் மேன்மை, பண்ணிசையின் தொன்மை என்று ஆசிரியர் விரும்புவதாகத் தான் கருதும் பத்திகளை அடுக்குகிறான். பரதத்தை அவன் ஒருமுறைகூட முழுதாகக் கண்டிராமல் இருக்கலாம். அதனால் என்ன? மதிப்பெண் வருகிறது. தெருவில் உண்மையும் தாளில் நடிப்புமாக இரண்டு நாக்குகளை அவன் வளர்த்துக்கொள்கிறான்.

இந்த இரட்டை நாக்கு வெறும் தேர்வுத் தந்திரம் என்று கருதுவோர் அதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தான் மெய்யாக விரும்புவதைப் பற்றிச் சிந்திப்பதற்கு மலாயோ ஆங்கிலமோதான் ஏற்றது, தமிழோ மேடைக்கும் விடைத்தாளுக்கும் உரிய அலங்காரம் என்னும் பாடத்தை அவன் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொள்கிறான். 2009ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாடங்கள் என்னும் வரம்பு அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் மாணவரை இழக்கும் என்று மலேசியத் தமிழர் ஒருமித்துக் குரல் எழுப்பினர். பின்னர் மேலும் இரண்டு பாடங்களுக்கு இடம் கிடைத்தது. போராடிப் பெற்ற அந்த நாற்காலியில் அமரவேண்டிய மாணவனை வகுப்பறையே விரட்டுமானால், பெற்ற இடத்தால் விளையும் பயன் யாது?

மரபின் சான்று

வெகுமக்கள் விரும்பும் பாட்டும் கதையும் தமிழ் வகுப்பின் வாசற்படி மிதிக்கலாகாது என்போர் எப்போதும் மரபைத் துணைக்கு அழைக்கின்றனர். ஆனால் அம்மரபு அவர்களுக்குத் துணையாக வருவதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் மக்கள் வழக்கில் பாட்டோடு கலந்து வழங்கிய ‘பண்ணத்தி’க்கு இடம் தந்தார். பிசிக்கும் முதுமொழிக்கும் அங்கதத்திற்கும் இடம் தந்தார். புதிதாகப் புனையப்படுவதற்கு ‘விருந்து’ என்றே பெயரிட்டு அதனை வனப்புகளுள் ஒன்றாக வைத்தார். புதியதை விருந்தென்று வரவேற்ற இலக்கணம் வேறெம்மொழியில் உண்டோ என்று மேடையில் பெருமை பேசுவோர், வகுப்பறையில் அவ்விருந்தினரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றனர்.

இளங்கோவடிகள் கானல்வரியையும் வேட்டுவ வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் குன்றக் குரவையையும் காப்பியத்துள் கொணர்ந்தார். கடற்கரையிலும் பாலையிலும் மாட்டுக் கொட்டிலிலும் மலைச்சரிவிலும் மக்கள் பாடியாடிய வடிவங்கள் அவை. மணிவாசகர் திருஅம்மானை, திருச்சாழல், திருப்பொன்னூசல், திருவுந்தியார் எனப் பெண்பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டுகளையே இறைவனைப் பாடும் கலங்களாக்கினார். பாரதியார் சிந்தையும் கும்மியையும் கைக்கொண்டார். 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், பொதுமக்கள் விரும்பும் மெட்டில் காவியம் செய்வதே மொழிக்கு உயிர் தருவது என்னும் கொள்கையை வெளிப்படையாகவே வைத்தார். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. மணியம் வரைந்த ஓவியங்களோடு, அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்ற ஆவலைத் தூண்டி வந்தது. இன்று அதனை மாணவர்க்குப் பரிந்துரைக்கும் ஆசிரியர், அன்றைய வாசகர் அதனைப் பொழுதுபோக்காகவே படித்தனர் என்பதை மறந்துவிடுகிறார்.

‘அவை மேதைகளின் கைபட்டு உயர்ந்தவை, இன்றைய பாட்டும் படக்கதையும் அவ்வாறு உயர்ந்தனவா?’ என்று ஒரு வினா எழும். நல்ல வினா. அதற்கு விடை காண ஒரே வழிதான் உண்டு. பாட்டைக் கேட்டல் வேண்டும். படக்கதையைப் படித்தல் வேண்டும். கேளாமலும் படியாமலும் விடை கூறுவோர் மரபின் காவலர் ஆகார். வகை பார்த்துத் தீர்ப்பு வழங்குவது பிறப்புப் பார்த்து மனிதனை ஒதுக்குவதற்கு ஒப்பாகும். தீர்ப்பு ஒவ்வொரு படைப்பின் மீதும் தனித்தனியே எழவேண்டும்.

பவணந்தியார் தந்த அளவுகோல்

தனித்தனியே தீர்ப்பளிக்க அளவுகோல் எங்கே என்போர் மேலைநாட்டுத் திறனாய்வு நூல்களைத் தேடி அலையவேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்துத் தந்துள்ளார். ஆண்டுதோறும் ஆசிரியர்கள் அவற்றை மனனம் செய்விக்கின்றனர். ஆண்டுதோறும் மாணவர்கள் ஒப்பித்துவிட்டு மறந்துவிடுகின்றனர். அப்பட்டியலை ஒரு கருவியாகக் கையில் எடுத்து, ஏதேனும் ஒரு படைப்பின்மேல் வைத்துப் பார்க்கும் பயிற்சி மட்டும் நடைபெறுவதில்லை.

கூறியது கூறல் குற்றமென்றால், ஒரே பெருமிதத்தை எட்டுப் பாட்டில் எட்டு முறை முழங்கும் இசைத்தொகுப்பு எத்தகையது? சென்று தேய்ந்திறுதல் குற்றமென்றால், முதல் அத்தியாயத்தில் பிணத்தைக் காட்டி மிரட்டிவிட்டு இறுதி அத்தியாயத்தில் தற்செயல் ஒன்றால் முடிச்சை அவிழ்க்கும் துப்பறியும் நாவல் எத்தகையது? சுருங்கச் சொல்லல் அழகென்றால், நான்கு கட்டங்களுக்குள் ஒரு துரத்தலைச் சொல்லி முடிக்கும் சித்திரக்கதைக்கு அவ்வழகு உண்டா, இல்லையா? ஓசையுடைமை அழகென்றால், மூச்சு வாங்க இடம் வைக்காமல் சொற்களை உருட்டும் சொல்லிசைஞனுக்கு அதில் பங்கு உண்டா, இல்லையா? நூலுக்கு வகுத்ததைப் பாட்டுக்கும் படத்துக்கும் நீட்டலாமா என்று இலக்கண வல்லார் கேட்கக்கூடும். நீட்டிப் பார்த்தால் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பது தெரியும். அத்தெளிவே ஒரு பாடமாகும்.

சொல்லிசை

சொல்லிசை என மலேசியத் தமிழர் வழங்கும் ராப் இசை இந்நாட்டுத் தமிழ் இளைஞரிடையே வேர் பிடித்து வளர்ந்த ஒன்று. போயட்டிக் அம்மோ என்னும் குழு 1998இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் ஆகிய மொழிகள் இடம்பெற்றன. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி பின்னர் நட்சத்திராவோடு இணைந்து 2006இல் ‘வல்லவன்’ என்னும் தொகுப்பைத் தந்தார். அதிலுள்ள ‘மடை திறந்து’ தமிழகத்தையும் எட்டியது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ திரைப்படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. காலங்காலமாகத் தமிழகத்திலிருந்து பாட்டை வாங்கியே பழகிய மலேசியா, தமிழகத்திற்குப் பாட்டை அனுப்பிய அரிய நிகழ்ச்சி அது.

அந்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு வகுப்பறையில் எத்துணைக் கருத்துகளை மோதவிடலாம்! அதன் அடித்தளம் 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்து, வாலி இயற்றி, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு. எனவே இது இரவல் என்பது ஒரு கட்சி. வெறும் இரவல் என்று கூறிவிட இயலாது என்பது மறுகட்சி. மூலப்படத்தில் அப்பாட்டு, வாய்ப்புக்காகச் சென்னையில் அலையும் அறியப்படாத இசைக்கலைஞன் ஒருவன் தன் வெற்றியைக் கனவு காணும் பாட்டு. கடலுக்கு அப்பால், தமிழிசை உலகின் ஓரத்தில் நின்ற அறியப்படாத இளைஞர்கள் சிலர், அதே மெட்டின்மேல் ஏறி நின்று தம் வருகையை அறிவித்தனர். மெட்டு பழையது, அதனைப் பாடும் நிலை புதியது. மூலத்தை அறிந்தவன் செவிக்கு இரண்டு கனவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். பழம்பாட்டின் அடியை வாங்கிப் புதுப்பொருள் ஏற்றும் வழக்கம் தமிழ்ப் புலவருக்குத் தெரியாததன்று.

குற்றமும் உண்டு. தன்னை வியத்தல் இவ்விசைவகையின் பிறவிக்குணம். முதற்பாட்டில் அது வீரம்; பத்தாம் பாட்டில் அது சலிப்பு. மலேசியச் சொல்லிசையின் பெரும்பகுதி தன் வல்லமையைப் பாடுவதிலேயே மூச்சைச் செலவிட்டு, தோட்டம் விட்டு நகரோர அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பத்தின் கதையைப் பாட மறந்துவிடுகிறது. மேற்கொண்டு, பெண்ணை இழித்துப் பேசுவதை ஆண்மையெனக் கருதும் வரிகள் தமிழ்ப்பாட்டில் மலிந்து கிடக்கின்றன. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவி அவ்வரிகளைத் தெருவிலும் பேருந்திலும் நாள்தோறும் கேட்கிறாள். அவை தன்னை எவ்வாறு புண்படுத்துகின்றன, ஏன் அவை கலையாகவும் தோற்கின்றன என்று சான்றுகாட்டிச் சொல்லும் வாய்ப்பை அவளுக்கு யார் தந்தார்? ‘அந்தக் குப்பையைப் பற்றி இங்கே பேசாதே’ என்னும் ஆசிரியர், குப்பையை எதிர்க்கக் கூடிய ஒரே குரலையும் அல்லவா அடைத்துவிடுகிறார்!

மொழிக்கலப்பைக் கண்டு வெகுள்வோரும் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். சொல் தெரியாமல் கலப்பது வறுமை; கோலாலம்பூர்த் தெருவின் பேச்சைக் காட்டவேண்டிக் கலப்பது தேர்வு. எது எதுவென்று வரிவரியாகக் காட்டுவதே மொழியாசிரியரின் கடமை. வெகுள்வது எளிது, காட்டுவது கடிது.

சித்திரக்கதை

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. அவற்றுக்கும் முன்னர் 1947 முதல் அம்புலிமாமா வந்தது. இவ்விதழ்களைப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்தவருள் பலர் பின்னாளில் தமிழ் வாசகராகவே நிலைத்தனர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துச் செல்லும் ஆற்றல் படக்கதைக்கு உண்டு. படம் பாதிப் பொருளைச் சொல்ல, மீதிப் பொருளைச் சொல்லும் சிறு வாக்கியம் அவன் நாவில் ஒட்டிக்கொள்கிறது. வாசிப்புப் பழக்கம் இல்லையே என்று கருத்தரங்கு தோறும் வருந்துவோர், வாசிப்பின் முதற்படியை உடைத்துப் போட்டுவிட்டு மாடிக்கு ஏணி தேடுகின்றனர்.

ஆயினும் படக்கதையைப் படிக்கவிடுவது பாதி வேலையே. அதனை எதிர்த்துப் படிக்கக் கற்பிப்பதே முழு வேலை. ராணி காமிக்ஸ் வாசகர் ‘மாயாவி’ என்னும் பெயரால் அறிந்த முகமூடி வீரன், லீ ஃபால்க் என்னும் அமெரிக்கர் 1936இல் படைத்த பேண்டம். அவன் வெள்ளையன். தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டில் மண்டையோட்டு அரியணையில் அமர்ந்து காவல் புரிகிறான். காட்டின் கருநிற மக்கள் அவனை அஞ்சி வணங்குகின்றனர். விறுவிறுப்பில் குறையில்லை, படத்திலும் குறையில்லை. குறை அதன் உலகநோக்கில் உள்ளது.

அந்தக் குறையைக் கிள்ளான் பிள்ளைக்கு விளக்க வெளியூர்ச் சான்று தேவையில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவு ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. அப்போராட்டத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர். துரையின் முன் சைக்கிளில் அமர்ந்தே செல்லும் உரிமைக்காகப் பாட்டன் நின்ற மண்ணில், பேரன் காட்டுத்துரை ஒருவனுக்குக் கைதட்டுகிறான். கைதட்டாதே என்று இதழைப் பிடுங்குவதால் பயனில்லை. பாட்டனின் கதையை இதழின் பக்கத்தில் வைத்தால் போதும். அவனே கையை நிறுத்தி யோசிப்பான். சித்திரக்கதையைக் கொண்டே வரலாற்றைக் கற்பிக்கும் வாய்ப்பு இஃது. வேறெந்தப் பாடநூல் இத்துணை எளிதாக இதனைத் தரும்?

இன்னொரு பாடமும் உண்டு. லாட் என்னும் முகமது நோர் காலிட் 1979இல் ‘கம்போங் பாய்’ என்னும் சித்திரநூலை வெளியிட்டார். பேராக் மாநிலக் கம்பத்துச் சிறுவனின் பிறப்பு, விளையாட்டு, ஓதல் பள்ளி, ஆற்றுக் குளியல், ஈயக் கப்பல் நெருங்கி வரும் ஓசை, இறுதியில் ஈப்போ நகரப் பள்ளிக்கு அவன் புறப்படுவது ஆகியவற்றைக் கறுப்புக் கோடுகளால் வரைந்து காட்டிய நூல் அது. அதனைப் பல மொழிகளில் உலகம் படித்தது. ஒரு மலாய்க் கம்பம் அழியாமல் நின்றது. தோட்டப்புறத்துக்கு அத்தகைய நூல் எங்கே? பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, லயத்து முற்றம், பால் வாளி, திருவிழா இரவின் திரைப்படம் என்று வரைவதற்கு ஒரு முழு உலகம் இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கம்போங் பாய்க்கு இணையாக ஒவ்வொரு தமிழ்ப்பிள்ளையின் கையிலும் இருக்கும் தோட்டத்துச் சித்திரநூல் ஒன்றை எந்த ஆசிரியர் உடனே எடுத்துக் காட்ட வல்லார்? படம் வரையும் பிள்ளையை ‘நேரத்தை வீணாக்காதே’ என்று கடிந்த சமூகம், தன் நினைவுச் சின்னத்தைத் தானே கடிந்துவிட்டது.

நாவல்

பாட்டையும் படக்கதையையும் பழிப்போர் நாவலை மட்டும் மதிப்பது போலத் தோன்றும். அங்கும் வகை பார்த்தே மதிப்பு வழங்கப்படுகிறது. அறம் போதிக்கும் சமூக நாவல் உயர்ந்தது. துப்பறியும் நாவலும் காதல் நாவலும் தாழ்ந்தவை என்பது எழுதாச் சட்டம். ஆனால் மலேசியத் தமிழ் நாவலின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால், 1917இல் க. வெங்கடரத்தினம் எழுதிய முதல் நாவலின் பெயர் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ என்று உள்ளது. காதற்கதையாகத் தொடங்கிய மரபு காதற்கதையைக் கண்டு முகம் சுளிப்பது வேடிக்கை.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரிடம் கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் வாசகன் தூக்கத்தை இழப்பான் என்பதைக் கற்கலாம். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்பதை அவ்விரைவில் ஆழ்ந்து காண இயலாது என்பதையும் கற்கலாம். இரண்டையும் சொன்னால்தான் அது கருத்து. ஒன்றை மட்டும் சொன்னால் அது விளம்பரம் அல்லது வசை.

மறுபுறத்தில், போற்றப்படும் நாவல்களின்மேல் கேள்வியே எழுவதில்லை. மலேசியத் தமிழரின் பெருந்துயரங்களுள் ஒன்று, 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதை. தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். அதனைப் பொருளாகக் கொண்டு ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அது 1993இல் வெளிவந்தது. அதே பொருளில் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005இல் வந்தது. இவ்விரண்டையும் மாணவர் கையில் கொடுத்து, ‘ஒரே துயரத்தை இருவரும் எவ்வெவ்வாறு சொல்கின்றனர்? எவர் எழுத்தில் மனிதர் முகத்தோடு நிற்கின்றனர்? எங்கே செய்தி கதையை விழுங்குகிறது?’ என்று கேட்கும் வகுப்பு எத்துணைச் சிறப்புடையது! ஆனால் அவ்வாறு கேட்பது மாண்டவரை அவமதிப்பதாகும் என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் தவறான பணிவு. பொருள் புனிதமாக இருப்பதால் எழுத்து தானே சிறந்துவிடாது. மாண்டவர்க்குச் செய்யும் மரியாதை, அவர்களைப் பற்றிய எழுத்தைக் கவனமாகப் படிப்பதுதான்.

தோட்ட நாவல்களின் ஒரு பொதுக் குறையையும் இங்கே சுட்டவேண்டும். கொடிய கங்காணி, குடிகாரத் தந்தை, கண்ணீர் விடும் தாய், படித்து முன்னேறும் மகன் என்னும் நால்வரும் ஒரு கதையிலிருந்து இறங்கி மறு கதையில் ஏறிக்கொள்கின்றனர். சமூக அக்கறை என்னும் போர்வையைப் போர்த்திக்கொண்டால் கூறியது கூறல் குற்றமின்றிப் போகுமா? பாட்டில் பழித்த அதே குற்றத்தை நாவலில் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியரிடம் அளவுகோல் இல்லை; சார்பு மட்டுமே உள்ளது. இதற்கு மாறாக, ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ வாழ்வின் இறுதிப் பொழுதை எடுத்துக்கொண்டு, தோட்டம் என்னும் பழகிய களத்தை விட்டு விலகி நின்றது. அந்த விலகல் வெற்றி பெற்றதா என்பதை மாணவர் வாதிடட்டும். வாதிடத் தக்கதாக இருப்பதே ஒரு நாவலுக்குக் கிடைக்கும் முதல் மதிப்பு.

தடைகளும் விடைகளும்

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது முதல் தடை. கட்டுரை எழுதவும், கருத்துரைக்கவும், வாதிடவும் பாடத்திட்டத்தில் இடமுண்டு. எதைப் பற்றி என்பதை ஆசிரியரே பெரும்பாலும் தேர்கிறார். எனவே குறை திட்டத்தில் மட்டும் இல்லை.

ஆசிரியரின் மதிப்புக் குறையும் என்பது இரண்டாம் தடை. மாணவன் கேட்கும் பாட்டைத் தாமும் ஒருமுறை கேட்டு, அதிலுள்ள ஓசைக்கும் திருப்புகழின் சந்தத்துக்கும் உள்ள உறவையும் வேற்றுமையையும் எடுத்துக்காட்டும் ஆசிரியரை எந்த மாணவன் இழிவாக எண்ணுவான்? அருணகிரியாரிடம் அவனை அழைத்துச் செல்லும் குறுக்குவழி அவன் காதுக்குள்ளேயே இருக்கிறது.

நஞ்சை ஊட்டலாமா என்பது மூன்றாம் தடை. நஞ்சு முன்பே வீட்டுக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. எது நஞ்சு என்று கண்டறியும் நாக்கைத் தருவதே எஞ்சியுள்ள பாதுகாப்பு.

மாணவர்க்கும் ஒரு சொல் உண்டு. ‘இஃது என் கருத்து, இதைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமையில்லை’ என்று இளையோர் இன்று எளிதாகக் கூறிவிடுகின்றனர். கருத்துக் கூறும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆனால் கருத்து, கூறியவன்மேல் ஏறும் கடன். காரணம் காட்டியே அக்கடனை அடைக்க முடியும். ஒரு பாடகனைக் குறை கூறினால் தன்னையே குறை கூறியதாகக் கொதித்தெழுபவன் சுவைஞன் ஆகான். அவன் கொடி பிடிப்பவன். பிடித்த பாட்டில் ஒரு குறையையும் பிடிக்காத பாட்டில் ஒரு நிறையையும் சொல்ல இயன்ற நாளில்தான் ஒருவனுடைய சுவை அவனுக்குச் சொந்தமாகிறது.

செய்ய வேண்டுவது

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகள் என்று தள்ளிவிட இந்நாட்டின் தமிழ் எழுத்து வரலாறு இடந்தரவில்லை. 1950ஆம் ஆண்டையொட்டித் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். எளிய வாசகர் எழுதி அனுப்பியவற்றை எடைபோட்டு, குறை நிறைகளைக் காட்டி எழுத்தாளரை உருவாக்கினர். பின்னர் 1952 முதல் 1957 வரை அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய நண்பர்களைக் கூட்டி, தயவு தாட்சணியமின்றிப் படைப்புகளை விவாதித்தார். தோட்டத் தொழிலாளரும் எழுத்தரும் ஆசிரியரும் அவ்விவாதங்களில் பயின்றே எழுத்தாளராயினர். பட்டம் பெற்ற ஆசிரியரும் நூலகமும் கணினியும் உள்ள இக்காலத்தில் அதனைச் செய்ய இயலாது என்பது சோம்பலுக்கு இட்ட புனைபெயர்.

திங்களுக்கு ஒரு பாடவேளை போதும். ஒரு மாணவன் ஒரு பாட்டையோ, ஒரு சித்திரக்கதையையோ, ஒரு நாவலையோ கொண்டு வரட்டும். அஃது என்ன செய்ய முயல்கிறது, அதனை எவ்வாறு செய்கிறது, செய்து முடித்ததா என்னும் மூன்று வினாக்களுக்கு மட்டும் தமிழில் விடை கூறட்டும். மற்றொருவன் மறுக்கட்டும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதற்கு முன் சான்று கேட்கட்டும். தம் கருத்தையும் அதே விதிக்கு உட்படுத்தட்டும். அவ்விவாதங்களுள் சிறந்தவற்றுக்குப் பள்ளி மலர்களும் எழுத்தாளர் அமைப்புகளின் தொகுப்புகளும் பக்கம் ஒதுக்கட்டும். புகழுரையும் வாழ்த்துரையும் நிறைந்த மலர்களில் இரண்டு பக்கம் குறைந்தால் தமிழுக்கு இழப்பொன்றும் நேர்ந்துவிடாது.

இவ்வாறு பயின்ற மாணவன் நாளை எந்தப் பாட்டை விரும்புவான், எந்த நாவலை வெறுப்பான் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆசிரியர் போற்றுவதை அவன் தள்ளவும் கூடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தள்ளுவதற்கு அவன் கூறும் காரணம் தெளிந்த தமிழில் இருக்குமானால், அந்த வகுப்பு வென்றுவிட்டது.